சிலுவைப் போரைத் தொடங்கியது யார்? ஒரே நாளில் வந்த இரண்டு வாட்ஸ்அப் செய்திகள்

தேரிக்காட்டான்:
அனைவருக்கும் வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் பங்குக் குழுவில் ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது. முஸ்லிம்கள் நானூறு வருடங்களாகக் கிறிஸ்தவ நாடுகளைப் பிடித்துக்கொண்டே வந்தார்களாம், ஜெருசலேமைப் பிடிக்க ஐரோப்பியப் படைகள் போன சிலுவைப் போர் அதற்குக் கொடுத்த பதிலடிதானாம். அன்று சாயங்காலமே எங்கள் பள்ளித் தோழர்கள் குழுவில் இன்னொரு செய்தி. நிம்மதியாக வாழ்ந்துகொண்டிருந்த கீழை நாட்டு மக்கள் மேல் ஐரோப்பியர்கள் ஒரு காரணமும் இல்லாமல் பாய்ந்தார்களாம்.

நான் கத்தோலிக்கன். பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவன் காயல்பட்டினத்துக்காரன். நான் இந்தப் பக்கம் நியாயம் பேச, அவன் அந்தப் பக்கம் நியாயம் பேச, இப்போது நான்கு நாட்களாக எங்களுக்குள் பேச்சில்லை. முப்பது வருடப் பழக்கம். அதனால்தான் இங்கே கேட்கிறேன். உண்மையில் தொடங்கியது யார்? தெரிந்தவர்கள் வருடத்தோடு சொல்லுங்கள்.

மணற்கடிகாரம்:
வருடத்தோடு கேட்டிருக்கிறீர்கள், சொல்கிறேன். 636இல் யர்முக் போர். கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து ஆண்ட கிறிஸ்தவப் பைசாந்தியப் பேரரசின் படை அரபு முஸ்லிம் படையிடம் தோற்றது. இரண்டு வருடங்களில் ஜெருசலேம் கலீபா உமரிடம் சரணடைந்தது. சிரியா, எகிப்து, வட ஆப்பிரிக்கா எல்லாமே அன்று கிறிஸ்தவ நாடுகள். புனித அகுஸ்தீன் வாழ்ந்த மண் வட ஆப்பிரிக்கா என்பதை இன்று எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்? 711இல் ஸ்பெயின். 846இல் ரோமுக்கே கப்பலில் வந்து, மதிலுக்கு வெளியே இருந்த புனித பேதுரு ஆலயத்தைக் கொள்ளையடித்தார்கள். 1009இல் எகிப்தை ஆண்ட அல்-ஹாக்கிம், இயேசுவின் கல்லறை ஆலயத்தை இடிக்கச் சொன்னார். 1071இல் மான்சிகெர்ட்டில் பைசாந்தியப் பேரரசரையே செல்ஜூக் துருக்கியர் சிறைபிடித்தார்கள். அதன் பிறகு சின்ன ஆசியா, அதாவது இன்றைய துருக்கி, பெரும்பகுதியும் அவர்கள் கைக்குப் போனது. கடைசியில் பேரரசர் அலெக்சியோஸ் போப்பிடம் ஆள் அனுப்பி உதவி கேட்டார். கேட்ட பிறகுதான் 1095இல் போப் இரண்டாம் அர்பன் பிரான்சின் கிளர்மோனில் பேசி, கிழக்கே படையெடுத்துப் போக அழைத்தார். வீட்டில் புகுந்தவனை விரட்ட வந்ததை ஆக்கிரமிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நிலாப்பிறை:
மணற்கடிகாரம் சகோ சொன்ன வருடங்கள் எல்லாம் சரி. நான் அவற்றுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியைக் கேட்கிறேன். 638க்கும் 1095க்கும் நடுவே 457 வருடங்கள். இன்றிலிருந்து அத்தனை வருடம் பின்னால் போனால் மதுரையில் நாயக்கர் ஆட்சி. அன்று நடந்ததற்கு இன்று ஒருவன் வாளோடு வந்து பதிலடி என்றால் ஒத்துக்கொள்வோமா? கல்லறை ஆலயத்தை இடித்தது பெரிய கொடுமை, மறுக்கவே மாட்டேன். ஆனால் அல்-ஹாக்கிமின் மகன் காலத்திலேயே பைசாந்தியத்தோடு உடன்பாடு ஏற்பட்டு, 1048 வாக்கில் அது மறுபடி கட்டப்பட்டுவிட்டது. யாத்திரிகர்களும் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள்.

அப்புறம், அந்தப் பதிலடி முதலில் யார் மேல் விழுந்தது? 1096இல் ரைன் நதிக்கரை ஊர்களில், வோர்ம்ஸிலும் மைன்ஸிலும் இருந்த யூதர்கள் மேல். அவர்கள் எந்த நாட்டைப் பிடித்தார்கள்? 1099 ஜூலை 15 அன்று ஜெருசலேமுக்குள் புகுந்து ஆண், பெண், குழந்தை பார்க்காமல் வெட்டினார்களே, அதில் செத்தவர்கள் உமரோடு வந்தவர்களா?

புதுக்கட்டுமரம்:
குறுக்கே ஒரு சின்னக் கேள்வி. அந்தக் காலத்து ஆட்கள் இதைச் சிலுவைப் போர் என்றுதான் சொன்னார்களா?

பழுப்பு ஏடு:
நல்ல கேள்வி தம்பி. சொல்லவில்லை. போனவர்கள் தங்கள் பயணத்தை யாத்திரை என்றுதான் லத்தீனில் எழுதினார்கள். எதிர்கொண்டவர்கள் வந்தவர்களை மதத்தின் பெயரால் குறிக்காமல் பிராங்க் இனத்தார் என்றார்கள். சிலுவைப் போர் என்ற பொருளில் அரபியில் ஒரு தொடர் வழக்கத்துக்கு வந்ததே 19ஆம் நூற்றாண்டில்தான். அந்த பிராங்க் என்ற சொல் அரபியில் ஃபிரஞ்ச் ஆகி, பாரசீகத்தில் ஃபரங் ஆகி, கடல் கடந்து நம்மிடம் பரங்கி ஆனது. பரங்கிமலை, பரங்கிப்பேட்டை, சந்தையில் வாங்கும் பரங்கிக்காய் எல்லாவற்றிலும் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இனி முதல் கேள்விக்கு வருகிறேன். முப்பத்தோரு வருடம் பள்ளியில் வரலாறு எடுத்தவன் நான். நீங்கள் இருவருமே ‘முஸ்லிம்கள்’, ‘கிறிஸ்தவர்கள்’ என்று இரண்டு ஆட்கள் எதிரெதிரே நின்றது போலப் பேசுகிறீர்கள். 1099இல் ஜெருசலேம் யார் கையில் இருந்தது? யாத்திரிகர்களுக்குத் தொல்லை கொடுத்ததாகச் சொல்லப்பட்ட துருக்கியர் கையில் இல்லை. முந்தின வருடமே எகிப்தின் பாத்திமியர் அதைத் துருக்கியரிடமிருந்து பிடித்துவிட்டார்கள். அதற்கும் முன்னால், சிலுவைப் படை அந்தியோக்கியாவை முற்றுகை போட்டுக்கொண்டிருந்தபோது, பாத்திமியத் தூதர்கள் அந்த முகாமுக்கே வந்து பேசினார்கள். பாத்திமியர், சிலுவைப் படை இரண்டு தரப்புக்குமே துருக்கியர் பகை. ஷியா பாத்திமியருக்கும் சுன்னி செல்ஜூக்குகளுக்கும் இருந்த பிளவைப் பேசாமல் முதல் சிலுவைப் போர் ஏன் வென்றது என்று ஒருவராலும் விளக்க முடியாது.

1108இல் டெல் பாஷிர் என்ற இடத்தில் ஒரு சண்டை நடந்தது. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஒரு பக்கம் அந்தியோக்கியாவை ஆண்ட டான்கிரெட், அவரோடு சேர்ந்து நின்றவர் அலெப்போவின் ரித்வான். எதிர்ப்பக்கம் எடெஸ்ஸாவின் பால்ட்வின், அவரோடு நின்றவர் மோசூலைச் சேர்ந்த ஜாவ்லி. இரண்டு பக்கமும் ஒரு கிறிஸ்தவத் தலைவர், ஒரு முஸ்லிம் தலைவர். ஜெருசலேம் விழுந்து 9 வருடம்தான் ஆகியிருந்தது. 1148இல் இரண்டாம் சிலுவைப் போர்ப் படை வந்து முற்றுகையிட்ட டமாஸ்கஸ், அதற்குச் சில வருடங்கள் முன்புவரை ஜெருசலேம் அரசோடு ஒப்பந்தம் போட்டு வாழ்ந்த ஊர். 1204இல் நான்காம் சிலுவைப் படை சூறையாடியது கான்ஸ்டான்டிநோபிளை. எந்தப் பேரரசு உதவி கேட்டதால் எல்லாம் தொடங்கியதோ, அதே பேரரசின் தலைநகரை.

மணற்கடிகாரம்:
ஐயா, உங்கள் மேல் மரியாதை உண்டு, ஆனாலும் இதில் உடன்பட முடியவில்லை. கூட்டணிகளைக் காட்டிக் காட்டி, மதத்துக்கு இதில் வேலையே இல்லை என்ற இடத்துக்குக் கொண்டுபோகிறீர்கள். நார்மண்டியின் பிரபு ராபர்ட் தன் நாட்டையே தம்பியிடம் 10,000 மார்க் வெள்ளிக்கு அடகு வைத்துவிட்டுப் போனார். முதல் சிலுவைப் படையின் தலைவர்களில் ஒருவரான காட்ஃப்ரி தன் பூயோன் கோட்டையை ஆயரிடம் அடகு வைத்தார். கொள்ளையடிக்கவும் நிலம் பிடிக்கவும் போகிறவன் கையில் இருப்பதை அடகு வைப்பானா? ஜெருசலேமைப் பிடித்த பிறகு பெரும்பாலானவர்கள் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். ஜெருசலேமை ஆள நின்ற காட்ஃப்ரியிடம் மிஞ்சியது சில நூறு குதிரை வீரர்கள்தான். அவர்கள் நம்பித்தான் போனார்கள். நம்பிக்கை தப்பாக இருக்கலாம். அது பொய் என்று சொன்னால் அந்த மனிதர்களை நமக்குப் புரியாது.

பழுப்பு ஏடு:
நீங்கள் சொன்னது சரி. நான் எழுதியதில் அது விடுபட்டுவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். பணத்துக்காகப் போனார்கள் என்ற பழைய விளக்கம் இந்த அடகுப் பத்திரங்களுக்கு முன்னால் நிற்கவில்லை. பாவத்துக்கான தண்டனைக்கு விலக்கு கிடைக்கும் என்ற வாக்குறுதி அன்றைய ஆளுக்கு உயிரை விடப் பெரிது. ஆனால் அந்த நம்பிக்கைதான் ஜெருசலேமில் வெட்டவும் வைத்தது. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்தக் கொலைகளைப் பற்றியும் ஒரு விஷயம். குதிரைக் கடிவாளம் வரை ரத்தம் ஓடியது என்று பகிர்கிறார்களே, அதை எழுதியவர் படையோடு போன குரு, அகிலேரின் ரேமண்ட். அந்த வரி அவர் கண்ணால் அளந்து எழுதியது இல்லை. திருவெளிப்பாடு நூலின் 14ஆம் அதிகாரத்திலிருந்து எடுத்தது. 70,000 பேர் செத்தார்கள் என்பது வரலாற்றாசிரியர் இப்னு அல்-அதீர் ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு எழுதியது. நடந்ததற்கு ஒட்டிய காலத்தில் வாழ்ந்த இப்னு அல்-அரபி 3,000 என்று எழுதுகிறார். கெய்ரோவின் பழைய யூதத் தொழுகைக்கூடத்தில் ஓர் அறை நிறையக் கிடைத்த காகிதங்களில், அஸ்கலானிலிருந்து யூதப் பெரியவர்கள் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. ஜெருசலேமில் பிடிபட்டவர்களையும் கொள்ளைபோன வேதப் புத்தகங்களையும் பணம் கொடுத்து மீட்டதைப் பற்றி, இன்னும் பணம் வேண்டும் என்று கேட்டு எழுதியது. அப்படியானால் எல்லாரும் சாகவில்லை. 3,000 பேர் என்றாலும் அது படுகொலைதான். எண்ணைப் பெருக்கிக் காட்டினால்தான் மனம் வலிக்கும் என்ற நிலைக்கு நாம் போய்விடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

நிலாப்பிறை:
அந்த அஸ்கலான் கடிதம் எனக்குப் புதிது, நன்றி ஐயா. அதே நேர்மையோடு என் பக்கத்தையும் நான் சொல்ல வேண்டும். எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட சுல்தான் சலாஹுத்தீன் 1187 அக்டோபரில் ஜெருசலேமைப் பிடித்தபோது 1099இல் நடந்தது போல ஒன்று நடக்கவில்லை, இது எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லும் கதை. உண்மையும்கூட. ஆணுக்கு 10 தீனார், பெண்ணுக்கு 5, குழந்தைகளுக்கு இன்னும் குறைவு என்று மீட்புத்தொகை கட்டியவர்கள் வெளியேறினார்கள். ஏழைகளில் பல ஆயிரம் பேருக்கு மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு விட்டார். ஆனால் கட்ட முடியாமல் போன பல ஆயிரம் பேர் அடிமைகளாகப் போனார்கள். அதைச் சின்ன வயதில் எனக்கு யாரும் சொல்லவில்லை. அதற்கு மூன்று மாதம் முன்பு ஹத்தீன் போரில் பிடிபட்ட டெம்ப்ளர், ஹாஸ்பிட்டலர் என்ற துறவற சபைகளின் வீரர்களைக் கொல்லச் சொன்னதும் அதே சலாஹுத்தீன்தான். 1191இல் இங்கிலாந்தின் ரிச்சர்ட் மன்னர் ஆக்கர் நகரத்துக்கு வெளியே 2,700 கைதிகளை வெட்டியதை நான் பேசினால், 1268இல் எகிப்தின் சுல்தான் பைபர்ஸ் அந்தியோக்கியாவில் செய்ததையும் பேசியாக வேண்டும். அங்கே நடந்தது 1099க்குக் குறைந்தது இல்லை.

மட்டுறுத்துநர்:
இன்றைய அரசியலை இழுத்து வந்து எழுதிய இரண்டு பின்னூட்டங்களை எடுத்துவிட்டேன். இவ்வளவு நன்றாகப் போகும் இழையைப் பூட்ட வைக்காதீர்கள்.

பாம்பன் காற்று:
தேரிக்காட்டான் அண்ணே, நீங்களும் உங்கள் நண்பரும் சண்டை போட ஜெருசலேம் வரை போயிருக்கிறீர்கள். நம் கடலிலேயே நடந்திருக்கிறது. 1538இல் எங்கள் மண்டபத்துக்குப் பக்கத்தில் வேதாளையில் போர்ச்சுகீசியத் தளபதி மார்ட்டிம் அபோன்சோ த சௌசா மரைக்காயர்களின் கப்பற்படையை முறியடித்தார். அந்தப் படை சும்மா வரவில்லை. இலங்கையில் கோட்டை அரசர் புவனேகபாகுவுக்கும் சீதாவாக்கையின் மாயாதுன்னைக்கும் நடந்த அண்ணன் தம்பிச் சண்டையில் மாயாதுன்னைக்கு உதவ வந்தது. புவனேகபாகுவுக்குத் துணை போர்ச்சுகீசியர். அரசர்கள் இருவருமே பௌத்தர்கள்.

அதற்குச் சில வருடங்கள் முன்னால்தான் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். முத்துக்குளிப்பு உரிமையில் பரதவர்களுக்கும் முஸ்லிம் வணிகர்களுக்கும் இருந்த மோதல் முற்றிப்போய், இடையில் ஜோவாம் த குரூஸ் என்ற குதிரை வியாபாரி வழிகாட்ட, கொச்சிக்குத் தூது போய்ப் பாதுகாப்புக் கேட்டார்கள். போர்ச்சுகீசியருக்கோ முத்து மேல் கண். அப்புறம் 1544இல் அதே பரதவர்களைக் கடலுக்குள் பாறைகளுக்கு ஓட விரட்டியது யார்? தெலுங்கு வடுகரின் படை. கன்னியாகுமரிப் பக்கம் பாறைகளில் பசியும் தாகமுமாகக் கிடந்தவர்களுக்குப் படகில் சாப்பாடு கொண்டுபோக முயன்றதைப் புனித சவேரியார் தன் கடிதங்களிலேயே எழுதியிருக்கிறார்.

மேற்குக் கரையையும் சொல்லிவிடுகிறேன். கடற்படைத் தலைவர்களான குஞ்ஞாலி மரைக்காயர்கள் கோழிக்கோட்டின் சாமூத்திரி என்ற இந்து மன்னருக்காகத்தான் நூறு வருடம் போர்ச்சுகீசியரோடு மோதினார்கள். கடைசிக் குஞ்ஞாலிக்கு என்ன ஆனது? 1600இல் அதே சாமூத்திரியும் போர்ச்சுகீசியரும் கைகோத்து அவர் கோட்டையை முற்றுகையிட்டார்கள். சாமூத்திரியை நம்பிச் சரணடைந்தவரைக் கோவாவுக்குக் கொண்டுபோய்த் தலையை வெட்டினார்கள். இந்த இடத்தை எப்போது படித்தாலும் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

புதுக்கட்டுமரம்:
சண்டை போடாமல் யாராவது தீர்த்தார்களா?

பழுப்பு ஏடு:
ஒருவர் தீர்த்தார். புனித ரோமப் பேரரசர் இரண்டாம் பிரெடரிக். 1229 பிப்ரவரியில் எகிப்தின் சுல்தான் அல்-காமிலோடு ஒப்பந்தம் போட்டு, ஒரு போரும் இல்லாமல் ஜெருசலேமை வாங்கினார். அல்-அக்ஸாவும் பாறைக் குவிமாடமும் முஸ்லிம்கள் கையிலேயே இருக்கும், மற்றது கிறிஸ்தவர்களுக்கு. பத்து வருடம் சில மாதங்களுக்கு உடன்பாடு. அப்போது பிரெடரிக் போப்பால் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டவர். ஜெருசலேமில் அவர் தங்கிய இரவு, அவர் மனம் நோகக் கூடாது என்று பாங்கு சொல்லவில்லையாம். ஏன் சொல்லவில்லை, அதைக் கேட்கத்தானே இங்கே தங்கினேன் என்று அவர் குறைபட்டதாக அரபு வரலாற்றாசிரியர் இப்னு வாசில் எழுதுகிறார்.

இதற்குக் கிடைத்த நன்றி? ஜெருசலேமின் தலைமை ஆயரான மறைமுதுவர் எதிர்த்தார். ஆக்கர் துறைமுகத்தில் பிரெடரிக் கப்பல் ஏறப் போனபோது கசாப்புக்கடைத் தெருவில் குடலையும் கழிவையும் அவர் மேல் எறிந்தார்கள். அங்கே டமாஸ்கஸில் அல்-காமிலைத் துரோகி என்று மேடை போட்டுப் பேசி மக்களை அழ வைத்தார்கள். என்னைக் கேட்டால் இந்த முழு வரலாற்றிலும் பெரிய மனிதர்கள் இந்த இரண்டு பேரும்தான். சலாஹுத்தீனையும் ரிச்சர்டையும் தெரிந்த பிள்ளைகளுக்கு அல்-காமிலைத் தெரியவில்லையே என்று முப்பத்தோரு வருடமும் எனக்கு வருத்தம்.

தேரிக்காட்டான்:
எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு டெல் பாஷிர் சண்டையையும் 1229 ஒப்பந்தத்தையும் பங்குக் குழுவில் போட்டேன். இரண்டு பேர் குழுவை விட்டுப் போய்விட்டார்கள். ஒருவர் போன் செய்து, நீ எந்தப் பக்கம் என்று கேட்டார். நிலாப்பிறை சகோதரி எழுதியதையும் பாம்பன் தம்பி எழுதியதையும் அப்படியே எடுத்து என் நண்பனுக்கு அனுப்பினேன். ராத்திரி பதினொன்றரைக்குக் கூப்பிட்டான். முக்கால் மணி நேரம் பேசினோம். குஞ்ஞாலியைப் பற்றித்தான் அதிகம் பேசினான். சிலுவைப் போர் ஆரம்பித்தது யார் என்பதில் இன்னும் அவனுக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. துருக்கியர் சின்ன ஆசியாவுக்குள் வந்ததை விட்டுவிட்டு என்னால் அந்தக் கதையைத் தொடங்க முடியவில்லை. ரைன் கரை யூதர்களை விட்டுவிட்டு அவனால் முடியவில்லை.

அவன் ஒரு கேள்வி கேட்டான், எனக்குப் பதில் தெரியவில்லை. 1229க்குப் பிறகு ஜெருசலேம் என்ன ஆனது? மறுபடி ஒரு கிறிஸ்தவப் படை எப்போது உள்ளே போனது?

பழுப்பு ஏடு:
1244இல் மத்திய ஆசியாவிலிருந்து வந்த குவாரஸ்மியப் படை புகுந்து நகரத்தைச் சூறையாடியது. அதே வருடம் காஸா அருகே நடந்த பெரிய போரில், டமாஸ்கஸ் முஸ்லிம் படையும் சிலுவைப் படையும் ஒரே அணியாக நின்று, எகிப்தியரிடமும் குவாரஸ்மியரிடமும் தோற்றன. 1291இல் சிலுவைப் போர்க்காரர்களின் கடைசிப் பெரிய நகரமான ஆக்கரும் விழுந்தது. அதன் பிறகு உங்கள் நண்பர் கேட்ட நாள் வர 1917 டிசம்பர் ஆனது, முதல் உலகப் போர் நேரம். பிரிட்டிஷ் ஜெனரல் ஆலன்பி ஜாஃபா வாசல் வழியாக நடந்தே உள்ளே போனார். லண்டனில் ஒரு பத்திரிகை இதைக் கடைசிச் சிலுவைப் போர் என்று படம் போட்டது. அரசாங்கமோ அந்தச் சொல்லை இந்தப் போருக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று ஒரு மாதம் முன்பே பத்திரிகைகளைக் கேட்டுக்கொண்டிருந்தது. காரணம், அவர்கள் படையில் இருந்த முஸ்லிம்கள். துருக்கியப் பக்கம் ஜெர்மானிய அதிகாரிகளும் ஆஸ்திரியப் பீரங்கிப் படையும் நின்று சண்டை போட்டன. நகரம் கைக்கு வந்ததும் பாறைக் குவிமாடத்தைச் சுற்றி ஒரு காவல் வளையம் போட்டார்கள். அனுமதி இல்லாமல் முஸ்லிம் அல்லாத யாரும் அதைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு. அந்தக் காவலில் நின்றவர்கள் நம் நாட்டு முஸ்லிம் சிப்பாய்கள்.